பூசணிக்காய்க்குத் தூக்கம் வந்தது

பிரெய்லா, 4 அக்டோபர்

மதிப்பிற்குரிய ஸ்டமாதிஸ் அவர்களுக்கு,

நான் இலிங்கா. சங்கம் உங்களுக்கு ஒதுக்கிய ஜோடி. எழுதும்போதே கல்யாணத் தரகர் வேலை மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஜோடி என்ற பெயரை வைத்தவள் மெட்கா. லுப்லியானாவில் உட்கார்ந்துகொண்டு பயன்பாட்டு நரம்பியல் சங்கத்தின் இளையோர் பிரிவை நடத்துகிறாளே, அவள்தான். ஊருக்கு ஒற்றை ஆளாக இந்த வேலையைப் பார்க்கிறவர்களை இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டு, மாதம் ஒரு கடிதம், அதுவும் தாளில், தபாலில் என்று சட்டம் போட்டிருக்கிறாள். முதலில் கைபேசியில் குழு வைத்துப் பார்த்தாளாம். எல்லோரும் பரிசு வாங்கிய படமும் கைதட்டல் படமும் போட்டார்களே தவிர, வேலை சொதப்பியதை ஒருவர்கூடச் சொல்லவில்லையாம். அதனால் இப்போது கடிதத்தில் சொதப்பலைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆண்டுக்கூட்டத்தில் நேரில் பார்க்கும்வரை போன் கூடாது. பள்ளிக்கூடம் மாதிரிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் வேலை: டிராம் ஓட்டுநர்களின் தலையில் மின்முனைகள் வைத்த தொப்பியை மாட்டி மூளை அலைகளைப் பதிவு செய்கிறேன். ஓட்டுநர் கண் அசருவதற்கு முன்பே எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஒரு நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பேராசிரியர் கப்பல் பொறியாளர். மூளையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது தலைக்குள் இருக்கிறது என்பதுதான். என் அறை உடற்பயிற்சிக் கூடத்தின் சாமான்கள் போட்டு வைத்த அறை. திரையில் ஒரு நல்ல அலை வந்தால் சந்தோஷத்தில் திரும்பிப் பார்க்கிறேன். பின்னால் பந்துக் கூடைதான் இருக்கிறது.

இந்த மாதச் சொதப்பல்: ஓட்டுநர்கள் சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள். தாடை அசைந்தால் என் பதிவு முழுக்கத் தாடைச் சதையின் இரைச்சல்தான். ஃபானிகா என்ற மூத்த ஓட்டுநரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "விதைய வாயில போடலன்னா நான் நிஜமாவே தூங்கிடுவேன் டாக்டரம்மா, அப்புறம் உங்க மெஷினுக்கு என்ன வேலை?" என்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மே மாதம் லுப்லியானாவில் நடக்கும் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிட மேடை. எங்கள் டிராம் நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார். அவருக்குப் பிடித்தால் மூன்று வருட வேலை. பிடிக்காவிட்டால் ஜூன் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது, அத்தோடு இந்தத் தொழிலும் எனக்கு முடிகிறது. அக்கா இத்தாலியில் முதியோரைப் பார்த்துக்கொள்கிறாள். "வந்துடு, இங்க உனக்கும் ஒரு கிழவி கிடைப்பா" என்று போன வாரமும் சொன்னாள்.

உங்கள் சொதப்பலை எதிர்பார்க்கும்,
இலிங்கா


யானினா, 27 அக்டோபர்

அன்புள்ள இலிங்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவமனை வாயிலில் அபோஸ்தோலிஸ் கொடுத்தார். எங்கள் வாயிற்காப்பாளர். "தம்பி, வெளிநாட்டுத் தபால். பொண்ணு கையெழுத்து" என்று கட்டடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இரண்டு நாளாகச் செவிலியர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதற்கு முன் அவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை. நன்றி.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதை நான்கு முறை ஆரம்பித்துவிட்டேன்.

பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்காக ஒரு கையுறை செய்கிறேன். கையை அசைக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், அந்த நினைப்பின் அலையைப் பிடித்துக் கையுறை விரல்களை மூடித் திறக்க வேண்டும். சொதப்பல்: கையுறை நோயாளியைவிட என் பேச்சைத்தான் அதிகம் கேட்கிறது. நான் "முயற்சி பண்ணுங்க" என்று சொன்னவுடன் மூடிக்கொள்கிறது. நோயாளி என் குரலைக் கேட்டதும் அவர் மூளையில் எழும் அலையை அது பிடித்துக்கொண்டது. விருப்பத்தின் அலையை அல்ல. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் சொல்லியிருப்பார்.

எனக்கு முப்பத்தைந்து ஆகிறது. இளையோர் பிரிவில் இது கடைசி வருடம். நரைத்த இளைஞன்.

நீங்கள் பந்துக் கூடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அறையில் அதுவும் இல்லை. மதியம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மூடுபனி நாட்களில் எதிர்க்கரைத் தீவு தெரிவதில்லை. அந்த நாட்களில் யாரோ என்னோடு பேசாமல் எழுந்து போய்விட்டதுபோல் இருக்கும். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

ஸ்டமாதிஸ்


பிரெய்லா, 9 டிசம்பர்

ஸ்டமாதிஸ்,

இனி "நீ" என்றுதான் எழுதப் போகிறேன். நரைத்த இளைஞனுக்கு மரியாதை கொடுத்து எனக்குக் கை வலிக்கிறது. நீயும் அப்படியே எழுது.

நிரல் வேலை செய்கிறது! பந்துக் கூடையைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்கிறது. ஓட்டுநர் தெம்பாக இருக்கிறாரா, சோர்ந்துவிட்டாரா என்று பதிவை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறது. பணி தொடங்கிய முதல் மணி நேரத்தைத் தெம்பு என்றும், கடைசி மணி நேரத்தைச் சோர்வு என்றும் வைத்து அதற்குக் கற்றுக்கொடுத்தேன். தாடை இரைச்சலைக் கழிக்கவும் வழி கண்டுபிடித்துவிட்டேன். ஃபானிகா ஆசைதீர விதை கொறிக்கலாம்.

மின்முனைகள் பிடிக்கத் தலையில் ஜெல் வைக்கும்போது அவர் பண்ணும் அமர்க்களத்தை நீ பார்க்க வேண்டும். "மெதுவா, மெதுவா. என் பொண்டாட்டிகூட என் தலைய இப்படித் தொட்டதில்ல. வீட்டுக்குப் போனா 'எவ தலையில தயிர் ஊத்துனா'ன்னு கேக்கிறா" என்கிறார். மற்ற ஓட்டுநர்களை அவர்தான் அதட்டி உட்கார வைக்கிறார். "டாக்டரம்மா நம்ம உசுரக் காப்பாத்தத்தான் இந்தக் கூத்து பண்றாங்க, தலையக் குடுங்கடா" என்கிறார். அதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

பேராசிரியர் முதல்முறையாக என் அறைக்கு வந்தார். உட்கார இடமில்லாமல் ஒரு பந்தின் மேல் உட்கார்ந்தார். "மே மாசம் அசத்திடும்மா" என்றார். நான்கு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

கடிதத்தில் சொதப்பல் இல்லையே என்று மெட்கா திட்டுவாள். சரி, இதோ: வெற்றி வந்த அன்று சொல்ல ஆளில்லை. அக்கா வேலையில் இருந்தாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாலே ஒரு பானை செய்து, தனியாகத் தின்று, வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. அதற்குத் தபாலில் ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. இது போதுமா?

உறைக்குள் ஒரு பென் டிரைவில் பதிவுகளும் நிரலும் இருக்கின்றன. ஓட்டிப் பார். கொஞ்சம் பொறாமைப்படு.

இலிங்கா


யானினா, 21 ஜனவரி

இலிங்கா,

இதை எழுத ரொம்பத் தயங்கினேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்கிறவன் நானாக இருக்கக் கூடாது என்று வேறு ஏதாவது காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நிரல் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பணி தொடங்குமுன் ஜெல் வைக்கிறாய். அப்புறம் வைப்பதே இல்லை. அதாவது தெம்பாக இருக்கும்போதெல்லாம் ஜெல் ஈரம். சோர்ந்திருக்கும்போதெல்லாம் ஜெல் காய்ந்துவிட்டது. காயக் காயப் பதிவு மெதுவாக அலையும். அது உனக்கும் தெரியும். தூக்க அலையும் மெதுவானதுதான். உன் நிரல் எதைக் கற்றுக்கொண்டது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகத்தை மட்டும் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அடை சுட ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்திருந்தேன். அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். "தம்பி, இந்த நோயாளிக்கு எந்த வார்டு?" என்றார் அபோஸ்தோலிஸ். தொப்பியை மாட்டி, ஜெல் வைத்து, ஒரு ஓட்டுநரின் முழுப் பணி நேரத்துக்கு அதைப் பதிவு செய்தேன். பிறகு அந்தப் பதிவை உன் நிரலிடம் கொடுத்தேன்.

காலையில் பூசணிக்காய் தெம்பாக இருந்ததாம். மதியம் களைத்துவிட்டதாம். மாலையில், உடனே வண்டியை நிறுத்து என்று எச்சரிக்கை ஒலி வந்தது.

நான் சிரிக்கவில்லை, இலிங்கா. ரொம்ப நேரம் அந்தப் பூசணிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தப்பாக ஏதாவது செய்திருக்கலாம். படமும் பதிவும் அனுப்பியிருக்கிறேன். நீயே பார். நான் சொன்னது தப்பு என்று நீ எழுதினால், இந்த வருடத்தில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இருக்க மாட்டான்.

ஸ்டமாதிஸ்


பிரெய்லா, 12 பிப்ரவரி

திரு. ஸ்டமாதிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் காய்கறியின் உடல்நிலை அறிந்தேன்.

நான்கு வருடம். பனியிலும் மழையிலும் விடியுமுன் பணிமனைக்குப் போய், முரட்டு மனிதர்களின் தலையைப் பிடித்து ஜெல் வைத்தவள் நான். நீங்கள் சமையலறையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து அதன் தலையில் என் வாழ்க்கையை மாட்டிப் பார்த்திருக்கிறீர்கள். பூசணிக்காய்க்கு மூளை இல்லை. ஆகவே நிரல் அதைப் பற்றி என்ன சொன்னாலும் அது உளறல்தான். உளறலை வைத்து மனிதர்களைப் பற்றி முடிவு கட்டுகிறீர்கள்.

நான் கேட்டது பொறாமை. நீங்கள் அதைக் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டீர்கள். இளையோர் பிரிவில் கடைசி வருடம், கையுறையோ நோயாளியின் பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் நிலை எனக்குப் புரிகிறது.

எனக்கும் பேச ஒரு ஆள் கிடைத்தானே என்று நினைத்தேன். அதுதான் என் முட்டாள்தனம். ஜோடியை மாற்றித் தரச் சொல்லி மெட்காவுக்கு எழுதப் போகிறேன். மேலும் எழுத வேண்டாம்.

இலிங்கா


யானினா, 14 மார்ச்

இலிங்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். மாதம் ஒரு கடிதம் என்பது சட்டம். சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன்.

மெட்கா வேறு ஒரு விஷயமாக என்னிடம் போனில் பேசினாள். பேச்சோடு பேச்சாக, "என்னப்பா, உனக்கும் இலிங்காவுக்கும் ஏதாவது சண்டையா? ரெண்டு பேர் குரலும் சரியில்லையே" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். பூசணிக்காயைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வேலை. மேடையும் உன்னுடையது.

ஆனால் இதை மட்டும் செய்து பார். பணி நேரத்தின் பாதியில் ஓட்டுநரின் தலையில் புதிதாக ஜெல் வை. அப்போதும் நிரல், சோர்ந்த ஆளைச் சோர்ந்தவர் என்றே சொன்னால் நீ சரி, நான் முட்டாள். புது ஜெல் வைத்ததும் தெம்பாகிவிட்டார் என்று சொன்னால், அப்புறம் நீயே முடிவு செய்துகொள்.

பொறாமை பற்றி நீ எழுதியது முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். உன் டிசம்பர் கடிதத்தைப் படித்தபோது ஒரு கணம் எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் பூசணிக்காயை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனது அதனால் அல்ல. உன் நிரலை நம்பி ஒரு மனிதர் டிராமில் கண்ணை மூடக் கூடாது என்பதால்தான்.

ஸ்டமாதிஸ்


யானினா, ஈஸ்டர் திங்கள்

இலிங்கா,

பதில் வரவில்லை. வரும் என்றும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன்.

உங்கள் ஊரிலும் நேற்றுதான் ஈஸ்டர் இருந்திருக்கும். சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகள் வாங்கினேன். அவற்றை முட்டையோடு முட்டை மோதி உடைக்க இரண்டு பேர் வேண்டும். வலது கையும் இடது கையுமாக மோதிப் பார்த்தேன். இடது கை ஜெயித்தது. இந்த வருடம் என் அதிர்ஷ்டமெல்லாம் இடது கைக்குத்தான் போலிருக்கிறது.

நல்லா இரு.

ஸ்டமாதிஸ்


பிரெய்லா, 2 மே

ஸ்டமாதிஸ்,

செய்துவிட்டேன்.

மார்ச் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். உன் ஈஸ்டர் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன், மெல்லிசாக இருந்ததால். இடது கை ஜெயித்தது என்ற இடத்தில் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் போய்விட்டது. அப்புறம்தான் மற்றதைப் படித்தேன்.

ஃபானிகா இரட்டைப் பணி பார்த்த நாளன்று, பணிமனை ஓய்வறையில் அவர் தலையில் புது ஜெல் வைத்தேன். மனிதர் நாற்காலியிலேயே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். திரையைப் பார்த்தேன். தெம்பு. முழுத் தெம்பு. வாயைத் திறந்து தூங்கும் ஆளைப் பற்றி என் நிரல், இவர் இப்போதே பாதுகாப்பாக வண்டி ஓட்டலாம் என்று சொல்கிறது. அவருக்குப் பிறகு மற்றவர்களையும் பார்த்தேன். எல்லோரிடமும் அதே கதைதான். நான்கு வருடமாக ஜெல் காய்வதைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

ஃபானிகா விழித்ததும் என் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார். சொன்னேன். தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ நான் தூங்கினாலும் இது கத்தாதா?" என்றார்.

"கத்தாது."

"இது கத்தும்னு நம்பி நேத்து விதைகூட வாங்காம வந்தேன்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

பேராசிரியரிடம் போனேன். "சரி, அதை அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம். மேடையில பத்து நிமிஷந்தானே? யாரு எந்திரிச்சு ஜெல்லப் பத்திக் கேக்கப் போறான்? கையெழுத்தாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, ஸ்டமாதிஸ். அவருக்கும் அந்த ஒப்பந்தம் வேண்டும். எனக்கும் வேண்டும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு தடவை அல்ல, பல தடவை வந்துவிட்டது. மூன்று வருடம் கிடைத்தால் சரியானதையே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்குகிறேன். இல்லாவிட்டால் இத்தாலி, கிழவி.

நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மெட்காவுக்கு ஒன்றும் எழுதவில்லை. அது வெறும் மிரட்டல்தான்.

நீ லுப்லியானாவுக்கு வருகிறாய் அல்லவா? முன்வரிசையில் உட்கார். மேடையில் நின்று உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

இலிங்கா


யானினா, 11 மே

இலிங்கா,

என்னால் வர முடியாது. மருத்துவமனையில் விடுப்புத் தரவில்லை. மன்னித்துவிடு.

நீ என்ன முடிவெடுத்தாலும் என் மதிப்பில் குறைய மாட்டாய். இதை எழுதிவிட்டு, உண்மைதானா என்று யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். சொல்லாமல் இருந்தாலும் உனக்கு எழுதுவேன். ஆனால் நீ சொல்லிவிடுவாய் என்றுதான் தோன்றுகிறது. ஃபானிகா சொன்னதை நீ முழுசாக எழுதியிருக்கிறாயே.

மேடைக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடு.

ஸ்டமாதிஸ்


லுப்லியானா, 24 மே

ஸ்டமாதிஸ்,

உன் கடிதம் நான் ரயில் ஏறும் நாளில் வந்துவிட்டது. அப்படியிருந்தும் முன்வரிசையைப் பார்த்தேன். நீ எப்படி இருப்பாய் என்றே எனக்குத் தெரியாது. நரைத்த ஒருவரைப் பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டேன். அவர் ஒலிபெருக்கிக்காரர் என்று அப்புறம் தெரிந்தது.

சொல்லிவிட்டேன். முதலில் பத்தில் ஒன்பது என்ற படத்தைக் காட்டினேன். கைதட்டினார்கள். அடுத்து உன் பூசணிக்காய். சிரித்தார்கள். அடுத்து குறட்டை விடும் ஃபானிகாவும் அவருக்கு நிரல் கொடுத்த நற்சான்றிதழும். அப்போது யாரும் சிரிக்கவில்லை. டிராம் நிறுவனத்து ஆள் கையைத் தூக்கினார். "அப்போ இத நாங்க வாங்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"வாங்காதீங்க" என்றேன்.

மனிதர் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பேராசிரியர் மதியச் சாப்பாட்டில் வேறு மேசைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் இளையோர் கூடியபோது ஒருத்தி ஓரமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னோடதும் ஜெல்தான்னு நெனைக்கிறேன். ரெண்டு வருஷமா யார்கிட்டயும் கேக்க பயம்" என்று சொல்லி அழுதாள். அவள் பின்னால் இன்னொருவன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். எல்லோரும் அவரவர் ஊரில் ஒற்றை ஆட்கள். இத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வேலை போனது ஞாபகமே இல்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்தியபின்தான் ஞாபகம் வந்தது.

இனி உன்னோடு என் சண்டை.

உன் பெயர் அட்டை மேசையில் இல்லை. மெட்காவிடம் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "அவன் உன்கிட்ட சொல்லலையா? மருத்துவமனையில அவன் பதவிய பிப்ரவரியோட எடுத்துட்டாங்க. வேலை இல்லாதவங்க பேரு பட்டியல்ல இருக்கக் கூடாதுங்கிறது சங்கத்து விதி. அதைச் சொல்லத்தான் மார்ச்சுல போன் பண்ணேன். எனக்கே நாக்கு கூசுச்சு, இலிங்கா" என்றாள்.

மறுநாள் பொதுக்குழுவில் எழுந்து நின்றுவிட்டேன். "வேலை போனவனுக்குத்தான் முதல்ல துணை வேணும். நீங்க அன்னைக்குத்தான் அவன் பேர அடிக்கிறீங்க. இது என்ன சங்கம்?" என்று கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது. மெட்கா எனக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினாள், இளையோர் எல்லோரும் தூக்கினார்கள். பெரியவர்கள், அடுத்த வருடம் பரிசீலிக்கிறோம் என்றார்கள். அடுத்த வருடம் என் பெயரும் இருக்காது.

விடுப்புத் தரவில்லை என்று எழுதினாயே, பொய்யா! என் சொதப்பலை எல்லாம் கொட்ட வைத்தாய். உன்னுடையதை மட்டும் பூட்டி வைத்தாய். நான் உன்னைப் பொறாமைக்காரன் என்று எழுதிய கடிதம் வந்த மாதத்திலேயே உனக்கு வேலை போயிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. இன்னொன்று: என் கடிதங்கள் எல்லாம் மருத்துவமனை முகவரிக்குத்தானே போயின? மே மாதக் கடிதம் உன் கைக்கு எப்படி வந்தது?

இலிங்கா


யானினா, 13 ஜூன்

இலிங்கா,

நீ திட்டியது சரி. திரும்பத் திரும்பப் படித்தேன்.

சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை இல்லை என்று எழுதினால் நீ எனக்கு எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். அப்புறம் நீ வேறு காரணத்துக்காக நிறுத்திவிட்டாய். சொல்ல இன்னும் பயமாகிவிட்டது. லுப்லியானாவுக்கு வரப் பயணச்சீட்டு வாங்கும் நிலையும் இல்லை, எந்த ஊர், எந்த நிறுவனம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் தெம்பும் இல்லை.

கடிதங்கள் எப்படி வந்தன என்று கேட்டாய். பிப்ரவரியில் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று அபோஸ்தோலிஸிடம், வெளிநாட்டுத் தபால் வந்தால் திருப்பி அனுப்பாமல் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் போனேன். நீ எழுதாத மாதங்களிலும் போனேன். தூரத்தில் என்னைப் பார்த்ததுமே அவர் தலையை ஆட்டுவார். உள்ளேகூடக் கூப்பிடாமல், "இன்னைக்கும் இல்ல தம்பி" என்பார். நான் அப்படியே திரும்பிவிடுவேன். மே மாதம் ஒரு வியாழன், உறையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு வாயிலைத் தாண்டித் தெருவுக்கே ஓடி வந்தார். எழுபது வயதை நெருங்குகிறவர். அன்று பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தபோது அழுதேன். உன் வேலைக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன்.

இப்போது தீவுக்குப் போகும் படகில் சீட்டுக் கிழிக்கிறேன். கெட்ட வேலை இல்லை. மூடுபனியிலும் தீவு அங்கேதான் இருக்கிறது என்று தினமும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மெட்கா நேற்று பேசினாள். உன்னுடைய அந்தப் பத்து நிமிடத்தைக் கட்டுரையாக எழுதச் சொல்கிறாள். அந்த அழுத பெண்ணும் மடிக்கணினிப் பையனும் தங்கள் பதிவுகளைத் தருகிறார்களாம். ஜெல் காய்ந்ததால் வந்த கோளாறு இருக்கிறதா என்று எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு ஆளால் முடியாது. என் பெயரும் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடிப்பதாகச் சொன்னாள். சரி என்றேன். பெயருக்குக் கீழே எந்த நிறுவனம் என்று எழுத ஒரு இடம் இருக்கிறது. வெறுமையாக விடக் கூடாதாம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வீட்டு முகவரியை எழுதினேன். உன் பெயருக்குக் கீழேயும் அதையே எழுதிவிட்டேன். நீ வேண்டாம் என்றால் அடித்துவிடலாம்.

ஜூலையில் உனக்கு வேலை இருக்காது. அக்காவிடம் போகுமுன் பதிவுகளை எடுத்துக்கொண்டு இங்கே வா. மேசை பெரியது. பக்கத்து அறை காலியாகத்தான் கிடக்கிறது. இதை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். ஆனாலும் அடிக்கவில்லை.

ஏரிக்கரைச் சந்தைக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மஞ்சள் கட்டடம், நான்காம் மாடி. வாசல் மணி வேலை செய்யாது. பலமாகத் தட்டு.

ஸ்டமாதிஸ்